இரண்டு விபத்து, ஒரே கை: இழப்பீட்டைப் பிரித்துக் கணக்கிடுவது எப்படி?

மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மச்சானுக்கு 2018-ல் ஐஸ் உடைக்கும் மெஷினில் வலது ஆள்காட்டி விரல் முழுதாகப் போனது. அதற்கு அப்போதே இழப்பீடு வாங்கிவிட்டார். 2023-ல் அதே கையில் நடுவிரலும் போனது. இந்த இரண்டாவது மனுவைப் போட்டபோது கற்றதுதான் இது. (இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு வழி வேறு.)

முதலில் விபத்து வாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் தனிப் பக்கம்: தேதி, அன்றைய வயது, அன்றைய சம்பளம். இணையக் கால்குலேட்டர் வேண்டாம். எல்லாக் காயத்தையும் ஒரே பெட்டியில் போடச் சொல்லும்.

அடுத்து விழுக்காடு, அதாவது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்பது. சிக்கல் இங்கேதான். அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12. ஆனால் ஒரு கையில் இரண்டு விரல் போனால் 26 இல்லை, 20தான். முதலாளி தரப்பு இதைப் பிடித்துக்கொண்டது: "இருபதில் பதினாலு கொடுத்தாச்சு, பாக்கி ஆறு." ஒரே விபத்தில் இரண்டும் போயிருந்தால் 20 சரி. இது தனி விபத்து. விபத்து நடந்த நேரத்தில் அந்த ஆளால் செய்ய முடிந்த வேலைகளை வைத்துத்தான் சட்டம் இழப்பைப் பார்க்கிறது. ஏற்கெனவே ஒரு விரல் இல்லாத கையில் நடுவிரல் போனதற்கு 12 என்று வாதாடினோம். உத்தரவும் 12-க்கே வந்தது.

அப்புறம் பெருக்கல். 2023-ல் மச்சானுக்கு வயது 40. கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு அப்போது உச்சவரம்பு 15,000. அதில் 60 விழுக்காடு 9,000. வயதுக்கு ஏற்பச் சட்டம் தரும் பெருக்கு எண்ணான காரணி, 40 வயதுக்கு 184.17. பெருக்கினால் 16,57,530. அதில் 12 விழுக்காடு 1,98,903 ரூபாய். ஆறு என்று ஒப்புக்கொண்டிருந்தால் பாதிப் பணம் போயிருக்கும். 2018 கணக்கில் இந்த 15,000-ஐப் போடாதீர்கள். 2020 ஜனவரி வரை உச்சவரம்பு 8,000தான்.

சேர்க்கை: முதுகு அடிபட்டவருக்கு என்ன செய்வது என்று தொண்டியிலிருந்து ஒருவர் கேட்டார். அட்டவணையில் இல்லாத காயம் என்றால் டாக்டர் சான்றுதான் எல்லாம். "ஊனம் 40 விழுக்காடு" என்று மட்டும் எழுதி வாங்கி வராதீர்கள். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது, அதில் பழைய காயத்தால் எவ்வளவு, புதியதால் எவ்வளவு என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள்.