ரேம் நிறைந்திருப்பது வேறு, ரேம் போதாமல் இருப்பது வேறு

கம்ப்யூட்டர் திணறும்போது ரேம் 80 சதவீதம் என்று காட்டினால், உடனே புது ரேம் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அந்த ஒரு எண் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பார்க்கும் முறை ஒன்றுதான். எந்த வேலையில் கம்ப்யூட்டர் திணறுகிறதோ, அந்த வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள்.

அங்கே 'கேச்ட்' என்று பெரிய எண் இருந்தால் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில், முன்பு திறந்த ஃபைல்களை விண்டோஸ் வைத்திருக்கிறது. வேறு புரோகிராம் கேட்டால் அதில் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும். அதனால்தான் அந்த இடம் 'அவைலபிள்' (உடனே தரக்கூடிய ரேம்) கணக்கிலும் சேர்கிறது. 'ரேம் க்ளீனர்' புரோகிராம்களைப் போடவே போடாதீர்கள். பயன்பாட்டில் உள்ளதையும் அவை வெளியே தள்ளுவதால், அடுத்த நொடி அதையே டிஸ்கிலிருந்து திரும்பப் படிக்க நேரும்.

8 ஜிபி கம்ப்யூட்டரில் 'அவைலபிள்' 2 ஜிபி இருந்தால் ரேம் போதும். சில நூறு எம்பிக்கு இறங்கி, டிஸ்கும் 100 சதவீதத்திலேயே நின்றால் பற்றாக்குறை என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்ய, ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறந்து, மெமரி பகுதியில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' வரைபடத்தைப் பாருங்கள். வேண்டியது ரேமில் இல்லாமல் டிஸ்கிலிருந்து எடுக்க நொடிக்கு எத்தனை முறை நேர்கிறது என்பதை அது காட்டும். புரோகிராம் திறக்கும்போது அது ஒருமுறை எகிறுவது இயல்பு. நிமிடக்கணக்கில் நூற்றுக்கணக்கிலேயே நின்றால் ரேம் போதவில்லை.

'கமிட்டட்' வரியில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, புரோகிராம்களுக்கு விண்டோஸ் ஒதுக்குவதாக ஒப்புக்கொண்ட அளவு. இரண்டாவது, ரேமும் பேஜ் ஃபைலும் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் விண்டோஸ் ஒதுக்கும் இடம்) சேர்ந்த உச்சவரம்பு. முதல் எண் வரம்பைத் தொட்டால் புரோகிராம்கள் தானாக மூடிக்கொள்ளும். பேஜ் ஃபைலை நிறுத்திவைத்தவர்களுக்கு இது சீக்கிரமே நேரும். அதை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டுவிடுங்கள்.

'அவைலபிள்' தாராளமாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100 என்றால், பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் தடை. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை அது நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் தேடி எடுக்கும். சுழலும் தட்டு இல்லாத டிஸ்கான சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் முறை எடுக்கும். அங்கே ரேமுக்குச் செலவழிப்பது வீண்.

ரேம்தான் வேண்டும் என்று தெரிந்தால், டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி திரையில் 'ஸ்பீடு', 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' (ரேம் செருகும் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. 16 ஜிபி ஒற்றை ரேம் குச்சியைவிட 8 ஜிபி இரண்டு நல்லது: டிடிஆர்4 3200 (3200 என்பது வேகம்) ஒன்று நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும், ஜோடியாக இரண்டு சேனலில் (தனித்தனித் தடத்தில்) ஓடினால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும்தான் ஜோடி, மேனுவலில் சரிபாருங்கள்.

3200 குச்சி 2133 அல்லது 2400 என்று காட்டினால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதி) அணைந்திருக்கலாம். வேகம் குறைந்த பழைய குச்சி கூடவே இருந்தாலும் எல்லாம் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும். எக்ஸ்எம்பியைப் போட்டபின் நீலத்திரை வந்தால், அதை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டுங்கள். புது ரேம் போட்டதும் திரையே வரவில்லையென்றால் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, 'டக்' சத்தம் கேட்கும்வரை குச்சியை மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். அப்போதும் வராவிட்டால் ஒவ்வொரு குச்சியாகத் தனித்தனியே போட்டுப் பாருங்கள்.