தோற்றதும் கோச்சைத் திட்டுவதற்கு முன்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லைப் புதிதாகப் பார்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு, எல்லாப் பழியையும் தலைமைப் பயிற்சியாளர் தலையில் கட்டுவது. களத்தில் யார் ஆடுவது என்பது பெரும்பாலும் அவர் முடிவுதான், ஆனால் அணியில் இருக்கும் 53 பேரை யார் தேர்ந்தெடுத்தது? பல அணிகளில் அது அணி நிர்வாகத்தில் ஆள் எடுக்கும் ஜெனரல் மேனேஜரும் அவருக்குக் கீழே திறமையானவர்களைத் தேடும் ஸ்கவுட்களும் செய்யும் வேலை. அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1996இல், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் தற்காப்புக்கு ஆள் வேண்டும் என்றார், நிர்வாகமோ டெர்ரி கிளென் என்ற ரிசீவரை, அதாவது வீசும் பந்தைப் பிடிக்கும் தாக்குதல் வீரரை, எடுத்தது. அந்தப் பையன் முதல் சீசனிலேயே 90 பாஸ்களைப் பிடித்தான், அணியும் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை போனது. அப்படியும் பார்செல்ஸ் விலகிவிட்டார். சமைக்கச் சொல்பவர்கள் மளிகை வாங்கவாவது விட வேண்டும் என்பது அவர் வாதம், எனக்கு அதில் நியாயம் தெரிகிறது.

இதற்காக எல்லா அணியும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், அது அடுத்த தவறு. அதே பேட்ரியட்ஸில் பின்னாளில் பில் பெலிசிக் பயிற்சியாளராக இருந்துகொண்டே ஆள் எடுக்கும் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தார். டல்லஸ் கவ்பாய்ஸில் 1989 முதல் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸே ஜெனரல் மேனேஜர். கிரீன் பே பேக்கர்ஸுக்குத் தனி முதலாளியே கிடையாது, அது பங்குதாரர்களின் அணி.

அப்புறம், பதவிப் பெயரை நம்பி ஏமாறுவது. அஃபன்சிவ் கோஆர்டினேட்டர் என்று தாக்குதலுக்கான பயிற்சியாளர் ஒருவர் இருப்பார், ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பிளே சொல்வது, அதாவது அடுத்து என்ன நகர்வு என்று முடிவெடுப்பது, அவராக இருக்க வேண்டியதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ அணியில் கைல் ஷானஹன் தலைமைப் பயிற்சியாளராக இருந்தும் தானே பிளே சொன்னவர். தாக்குதல் எடுபடவில்லை என்று கோஆர்டினேட்டரை மாற்றச் சொல்லும் முன் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கான உச்சவரம்பையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1994இல் வந்த அந்த வரம்பு வீரர்களுக்குத்தான். பயிற்சியாளருக்கு எவ்வளவு கொடுத்தாலும் அதில் சேராது, அதனால் "கோச்சுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு வீரரை எடுத்திருக்கலாமே" என்ற பேச்சு நிற்காது.

பந்தை உதைக்கும் கட்டங்களில் இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸ் குழுக்களின் கோச்சை மட்டும் தயவுசெய்து சின்ன ஆளாக எண்ணாதீர்கள். அவர் அணியின் பெரும்பாலான வீரர்களோடு நேரடியாக வேலை செய்பவர். ஜான் ஹார்பா ஃபிலடெல்ஃபியா அணியில் பல வருடம் அந்த வேலையைப் பார்த்தவர்தான். 2008இல் பால்டிமோர் ரேவன்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது, 2012 சீசனில் சூப்பர் பவுலை வென்று கொடுத்தார்.