கோப்பு முறைமையின் வேகத்தை நம்பும்படி அளப்பது எப்படி?

பழைய சாட்டா எஸ்எஸ்டி ஒன்றில் டிடி கட்டளையைக் கொண்டு 1 ஜிபி கோப்பை எழுதிப் பார்த்தபோது, நொடிக்கு 2 ஜிபி என்று திரையில் வந்தது. சாட்டா 3 இணைப்பு நொடிக்கு ஏறத்தாழ 600 எம்பிக்கு மேல் கடத்தாது என்பதால், நான் அளந்தது வட்டை அல்ல, நினைவகத்தை என்பது புரிந்தது. அன்று முதல் நான் பின்பற்றும் முறை இது. லினக்ஸ் முனையத்தில் பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளில் எது வேகம் என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 8 கேபி பக்கங்களைக் கையாள்கிறது; மாற்றங்களை நிலைப்படுத்தும் கமிட் ஒவ்வொன்றிலும் அவற்றின் பதிவு வட்டில் உறுதியாகும்வரை காத்திருக்கிறது. காணொளிச் சேமிப்பகமோ பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாக எழுதுகிறது. உங்கள் பணி எதை ஒத்தது என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கருவி

என் தேர்வு ஃபியோ என்ற வேகச் சோதனை நிரல். லினக்ஸில் வட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் அடுக்கைப் பராமரிக்கும் ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது. டிடியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் வழக்கமாக எழுதப்படுவது வெறும் பூச்சியங்கள் என்பதால், தரவுச் சுருக்கம் இயக்கப்பட்ட பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் வட்டுக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு.

படி 3: பேஜ் கேஷ்

நான் இடறியது இங்கேதான். எழுதச் சொன்னதைக் கர்னல் பேஜ் கேஷ் எனும் நினைவகப் பகுதியில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று உடனே சொல்லிவிடுகிறது. வட்டுக்கு அனுப்புவது பிறகுதான், இயல்பான அமைப்பில் 30 நொடிகள் வரைகூடத் தள்ளிப்போகலாம். ஆகவே எழுதும் சோதனையில் கோப்பை வட்டுக்கு அனுப்பி முடியும்வரை காத்திருக்கும் இறுதி எஃப்சிங்க் அழைப்பு எடுக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

படிக்கும் சோதனைக்கு முன் கேஷைக் காலி செய்ய, கர்னலின் டிராப் கேஷஸ் என்ற கட்டுப்பாட்டுக் கோப்பில் 3 என்று எழுதுவார்கள். அது இன்னும் வட்டுக்குப் போகாத பக்கங்களைத் தொடாது. அவற்றை வட்டுக்கு அனுப்பும் சிங்க் கட்டளையை நான் முதலில் கொடுக்காததால், அப்போதுதான் எழுதிய கோப்பு நினைவகத்திலேயே தங்கி, இரண்டு நாள் அளவீடுகள் முழுவதும் வீணாயின. முதலில் சிங்க், பிறகே டிராப் கேஷஸ்.

ஃபியோவில் டைரக்ட் விருப்பத்தை 1 ஆக்கினால் கேஷைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் உங்கள் நிரல் கேஷ் வழியாகவே படிக்குமானால், அந்த அளவு உங்கள் கேள்விக்கு விடையாகாது. அப்போது நினைவகத்தைப் போல் இருமடங்கு பெரிய கோப்பில் சோதிப்பதையே விரும்புவேன்.

படி 4: வட்டின் நிலை

புதிதாக உருவாக்கிய எக்ஸ்ட்4, மவுன்ட் செய்தபின் கோப்புகளின் விவரங்களை வைக்கும் தன் ஐநோடு அட்டவணைகளைப் பின்னணியில் நிரப்பிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை அளக்காதீர்கள். பல எஸ்எஸ்டிகளில் எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதியான எஸ்எல்சி கேஷ் நிரம்பியதும் வேகம் சரிகிறது. ஆகவே சில நிமிடங்களாவது தொடர்ந்து ஓட்டி, தொடக்கப் பகுதியைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

படி 5: எண்ணிக்கை

குறைந்தது 5 முறை ஓட்டி, இடைநிலை அளவையும் பரவலையும் குறித்துக்கொள்ளுங்கள். 1000 செயல்களில் 990 செயல்கள் 0.1 மில்லிநொடியும், 10 செயல்கள் 50 மில்லிநொடியும் எடுத்தால் சராசரி ஏறத்தாழ 0.6, ஆனால் எந்தச் செயலும் 0.6 எடுக்கவில்லை. பயனர் உணர்வது அந்தப் பத்தைத்தான் என்பதால், 99-ஆம், 99.9-ஆம் சதமானங்களை, அதாவது 99%, 99.9% செயல்கள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பதை, கட்டாயம் பாருங்கள்.

பின்சேர்க்கை: ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கக்கூடிய கோரிக்கைகளின் எண்ணிக்கையான ஐஓடெப்த்தை 32 ஆக்கியும் வேகம் மாறவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். லினக்ஸில் ஃபியோவின் இயல்பான எஞ்சின், அதாவது கோரிக்கைகளை அனுப்பும் பகுதி, ஒரு கோரிக்கை முடிந்த பிறகே அடுத்ததை அனுப்புவதால், அந்த எண்ணுக்கு அங்கே பயனில்லை. எஞ்சினை லிப்ஏஐஓ அல்லது ஐஓ யூரிங் என்று மாற்றி, டைரக்ட்டையும் 1 ஆக்குங்கள். இன்னொருவர் மெய்நிகர் கணினியில் சோதித்திருந்தார். அங்கே உள்ளிருந்து கேஷைக் காலி செய்தாலும் வெளிக் கணினியின் கேஷ் அப்படியே இருக்கும், அதையும் தனியே காலி செய்ய வேண்டும்.