ஒத்தடம் ஆறும், ஹீட்டிங் பேட் ஆறாது

கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்களே, அதில் ஒரு வசதி இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூட்டை தானாக ஆறிவிடும், மறுபடி சூடாக்க யாராவது எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டும், வந்து தன் மணிக்கட்டில் ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் முட்டியில் வைப்பார்கள். கரண்டில் ஓடும் பேட் அப்படி இல்லை, நாம் நிறுத்தும்வரை ஒரே சூட்டில் கிடக்கும்.

எங்கள் அம்மாவுக்கு நடந்தது இதுதான். பல வருட முட்டி வலி, கூடவே சர்க்கரை. ஒரு ராத்திரி பேடைக் காலில் சுற்றிக்கொண்டு டிவி பார்த்தபடியே தூங்கிவிட்டார். காலையில் கெண்டைக்காலில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்பளம். “எனக்குச் சுடவே இல்லையேடா” என்றார். பொய்யில்லை, சர்க்கரையால் கால் நரம்பு மரத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாது. அந்தப் புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது.

தோல் வேக, கொதிக்கிற சூடு தேவையில்லை. 44 டிகிரி செல்சியஸ் சூடு ஒரே இடத்தில் சுமார் 6 மணி நேரம் பட்டாலே போதும், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும், 60 டிகிரியில் சில விநாடிதான். அதனால் ‘இதமாகத்தானே இருக்கிறது’ என்பதை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள்.

சரி, எப்படி வைப்பது? பேடுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டு, குறைந்த சூட்டில் ஆரம்பம், 15 முதல் 20 நிமிடம், போனில் அலாரம். இடையில் ஒருமுறை துண்டை விலக்கித் தோலைப் பாருங்கள், லேசாகச் சிவந்தால் பரவாயில்லை, திட்டுத்திட்டாகச் சிவந்தாலோ எரிந்தாலோ எடுத்துவிடுங்கள். முக்கியமாக, பேடின் மேல் படுக்கக் கூடாது. உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிய சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். முதுகு வலி என்றால் குப்புறப் படுத்து முதுகின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை போட்டபின், குடித்தபின் வேண்டவே வேண்டாம்.

சூடு நாள்பட்ட வலியைத் தீர்க்காது, இறுகிய தசையைத் தளர்த்தி ஒரு சின்ன அவகாசம் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் நாலு எட்டு நடப்பதோ பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்வதோதான் லாபம். காலையில் மூட்டு விறைத்துக்கொள்பவர்கள் எழுந்ததும் ஒத்தடம் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்துப் பாருங்கள்.

தைலமோ வலி ஜெல்லோ தடவிய இடத்தில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தோல் வெந்துபோக வாய்ப்பு அதிகம், நம் வீடுகளில் அதிகம் நடக்கிற தப்பும் இதுதான். கடுமையான வலிக்காக ஃபென்டனில் பட்டை (தோல் வழியாக மெல்ல உடம்பில் இறங்கும் வீரியமான வலி மருந்து) ஒட்டியிருப்பவர்களுக்கு இது உயிர் விஷயம், சூடு பட்டால் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் இறங்கிவிடும். புதிதாகச் சுளுக்கி வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் சூடு கூடாது. மூட்டு தானாகவே சிவந்து கொதித்தாலும் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் போங்கள்.

பேடை மடக்கி வைத்தால் உள்ளே ஒயர் நொறுங்கும், சுருட்டியோ விரித்தபடியோ வையுங்கள், ஊசி குத்தாதீர்கள். கருகல் வாசனை வந்தால் தூக்கிப் போடுங்கள், ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம். கரண்ட் போனதும் சுவிட்சை அணைக்க மறந்துவிடுவோம், நாம் தூங்கியபின் கரண்ட் வந்து பேடும் சேர்ந்து வரும், அதனால் தானாக நின்றுபோகும் வசதி உள்ளதையே வாங்குங்கள். பிளக்கில் போட்டுச் சூடாக்கும் ஜெல் பையை, பிளக்கைக் கழற்றிய பிறகுதான் உடம்பில் வைக்க வேண்டும். ரப்பர் பையில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், முக்கால் பைக்கும் குறைவாக ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். மூடியின் வாஷர் தேய்ந்தாலோ ரப்பரில் கீறல் விட்டாலோ அந்தப் பை போதும், பாவம் பார்க்காதீர்கள்.

மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால் தோலில் வலை போட்டதுபோலப் பழுப்புத் தழும்பு விழும். சூட்டை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மங்கும், கண்டுகொள்ளாமல் வருடக்கணக்கில் தொடர்ந்தால்தான் வினை. காஷ்மீரில் குளிருக்காக காங்கிரி என்ற நெருப்புச் சட்டியை உடையினுள் வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள், அந்த இடத்தில் வருகிற தோல் புற்றுநோய்க்கு காங்கிரி புற்றுநோய் என்றே பெயர். உங்கள் இடுப்பில் வலைத் தழும்பு தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்படியும் சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், கொப்பளத்தைக் குத்த வேண்டாம். சர்க்கரை உள்ளவர் காலென்றால் எவ்வளவு சின்னப் புண்ணாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். நாங்கள் மூன்று நாள் மஞ்சள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனோம், அந்த ஒன்றரை மாதத்தில் பாதி எங்களால் வந்தது.