நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை: முதலில் உட்காருங்கள்

இதய இரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு, நெஞ்சுவலி வரும்போது நாக்கின் அடியில் வைக்க மருத்துவர் எழுதித்தரும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மி.கி. மாத்திரையை, நின்றபடி போடாமல் நாற்காலியில் உட்கார்ந்த பிறகே வைக்க வேண்டும். இரத்தக்குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால், தலைசுற்றி விழ நேரிடும். தண்ணீர் ஊற்றி விழுங்கினால் பலன் தாமதமாகும் என்பதால், தானாகக் கரைய விடுங்கள். தலை விண்விண்ணென்று தெறிப்பது இந்த மருந்தின் இயல்பே. 5 நிமிடத்தில் வலி தணியாவிட்டால், வாயுவாக இருக்கும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். ஆண்மைக்குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் இதைப் போடவே கூடாது. அவற்றை எடுப்பதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். மாத்திரை அட்டை பீரோவில் அல்ல, சட்டைப்பையில் இருக்கட்டும்.