ஆப்பிரிக்க இசை கேட்க முன்வரிசை டிக்கெட் வேண்டாம்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இரவு நேரத்தில் திறந்தவெளி ஆப்பிரிக்க இசை நிகழ்ச்சிக்குப் போனால், முன்வரிசைக்குக் கூடுதல் வெள்ளி கொடுக்காதீர்கள். சாதாரண டிக்கெட் வாங்கிக்கொண்டு, மேடைக்கு எதிரே ஒலியமைப்பாளர் மிக்சரோடு (ஒலிகளைக் கலந்து அளவுபடுத்தும் கருவி) உட்கார்ந்திருக்கும் கூடாரத்தைத் தேடிப்பிடித்து, அதற்குச் சற்று முன்னால் நில்லுங்கள்.

அவர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் ஒவ்வொரு கருவியின் ஒலியையும் கூட்டிக் குறைக்கிறார். அதனால் எல்லாம் அளவாகக் கேட்கும் இடம் அதுதான். மேற்கு ஆப்பிரிக்க இசைக்கு இது ரொம்பவே முக்கியம். 21 தந்திகள் கொண்ட கோராவின் நாதம் மென்மையானது. ஸ்பீக்கர் ஓரத்தில் நின்றால் ஜெம்பே மேளத்தின் முழக்கமும் பேஸ் கித்தாரும் அதை விழுங்கிவிடும். கோராவைச் சரியாகக் கேட்காமல் வீடு திரும்புவது பெரிய இழப்பு! அப்புறம், அங்கே நெரிசல் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டே ஆடலாம்.

சிறிய அரங்கில் ஒலிபெருக்கி இல்லாமல் வாசித்தால் இது பொருந்தாது. அப்போது முடிந்தவரை மேடைக்கு அருகிலேயே உட்காருங்கள். மிக்சர் மேடையின் பக்கவாட்டில் இருந்தாலும் பலனில்லை. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், அவர்களுக்கு மேடை தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.