ஹாலோவீன் மாலையில் பிள்ளைகளோடு ஜூவுக்கு

ஹாலோவீன் என்றதும், அதாவது பிள்ளைகள் வேடம் போட்டு, செதுக்கிய பூசணிக்குள் விளக்கேற்றி, மிட்டாய் வாங்கும் அக்டோபர் 31 என்றதும், இருட்டும் குளிரும்தான் நினைவுக்கு வரும். தென்னாப்பிரிக்காவில் அது வசந்த காலம். அக்டோபர் கடைசியில் ஜோஹன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் பொழுது சாய மாலை 6.15 மணி ஆகிவிடும். அதுவரை வெயில் சுள்ளென்று அடிக்கும். பிற்பகலில் இடிமழையும் வரலாம். நம்மவர்கள் அதிகம் வாழும் லெனேஷியாவிலிருந்தோ லாடியத்திலிருந்தோ கிளம்பும் குடும்பம் பூசணி விளக்கு பார்க்கத்தானே என்று ஆறு மணிக்குப் போய் நின்றால், மிருகங்களில் பாதி உள்ளே போயிருக்கும்.

யானை, மனிதக் குரங்கு போன்றவற்றைப் பல ஜூக்களில் மாலை நான்கு, நாலரைக்கே இரவு அறைக்குள் அழைத்துவிடுவார்கள். சாப்பாடு அங்கேதான் வைக்கப்படும் என்பது அவற்றுக்குத் தெரியும். நேரம் நெருங்கியதும் தாமாகவே கதவோரம் போய் நின்றுவிடும். அதனால் இரண்டரை மணிக்குள் வாசலில் இருங்கள். முதலில் யானையும் குரங்குகளும். சிங்கம், புலியைப் பிறகு பார்க்கலாம். மதியம் முழுக்கத் தூங்கிக் கிடப்பவை வெயில் இறங்கிய பின்தான் எழுந்து நடக்கும். முகத்தில் வண்ணம் தீட்டுவது, மிட்டாய் வாங்குவது எல்லாம் கடைசியில்.

மிருகங்களுக்குப் பூசணி கொடுக்கும் நேரம் இருக்கிறதா என்று நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள். அன்றைய நாளில் தவறவிடக் கூடாதது அதுதான். யானை முழுப் பூசணியின் மேல் முன்காலை வைத்து, எடையை மெல்ல மெல்ல இறக்கும். படக்கென்று தோல் பிளந்ததும் துண்டுகளைத் தும்பிக்கையால் பொறுக்கி வாய்க்குள் போட்டுக்கொள்ளும். இது வேடிக்கைக்காக மட்டும் செய்வதில்லை. அடைப்பில் வாழும் மிருகத்துக்குத் தேடவும் உடைக்கவும் மோந்து பார்க்கவும் ஒரு வேலை வேண்டும். வீட்டில் செதுக்கிய பூசணியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இந்த வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். மெழுகும் சாயமும் வேறு ஒட்டியிருக்கும்.

வேடத்தைத் தெருவுக்காக அல்ல, ஜூவுக்காகத் தேர்ந்தெடுங்கள். முகமூடி வேண்டாம். பக்கவாட்டில் கண் தெரியாமல் குழந்தை படியில் தடுக்கி விழும். சில மிருகங்களும் முகமூடியைக் கண்டு மிரளும். பொம்மைத் துப்பாக்கி, பலூன் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காற்றில் பறந்து அடைப்புக்குள் விழும் பலூன் துண்டை மிருகம் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். இருட்டில் ஒளிரும் பிளாஸ்டிக் குச்சிக்கும் இதே கதிதான். பாவாடையோ அங்கியோ கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கட்டும். பிரிட்டோரியா ஜூ 85 ஹெக்டேர், அதில் ஒரு பகுதி மலைச்சரிவு. தரையில் இழுபடும் துணியோடு அங்கே நடக்க முடியாது. பழகிய காலணியைப் போடுங்கள். உள்ளே ஒரு பருத்திச் சட்டை இருந்தால், புழுங்கும்போது வேடத்தைக் கழற்றிவிடலாம்.

முகச் சாயம் நீரில் கரையும் வகையாக இருக்கட்டும். முந்தைய நாளே முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். தடித்தால் விட்டுவிடுங்கள். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், அங்கே வெயில் சீக்கிரம் தோலைச் சுட்டுவிடும். சன்ஸ்கிரீனை முதலில் தடவி, கால் மணி நேரம் காயவிட்டுப் பிறகு சாயம் பூசுங்கள். அவசரப்பட்டுப் பூசினால் இரண்டும் கலந்து வழியும்.

வாசலில் நுழைந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் வேடத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைடர்மேன் உடுப்பில் இருபது பையன்கள் திரியும் இடத்தில், காணாமல் போனவனை எப்படி அடையாளம் சொல்வீர்கள்? உங்கள் கைபேசி எண்ணை மாஸ்கிங் டேப்பில் எழுதி, உடுப்பின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

மிட்டாய் விஷயத்தில்தான் நம் வீடுகள் அதிகம் ஏமாறுகின்றன. ஹலால் முத்திரை இருந்தால் பன்றிக் கொழுப்பு இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் மார்ஷ்மெலோவிலும் ரப்பர் போல இழுபடும் மிட்டாய்களிலும் இருக்கும் ஜெலட்டின் மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். மாட்டிறைச்சி தொடாத வீட்டார் உறையைத் திருப்பிப் படியுங்கள். ஜெலட்டின் என்றோ இ441 என்றோ இருந்தால் ஒதுக்குங்கள். பெக்டின், அகர் என்றிருந்தால் அவை செடியிலிருந்தும் கடற்பாசியிலிருந்தும் வருபவை. இ120 என்ற சிவப்புச் சாயம் பூச்சியிலிருந்து எடுப்பது. கந்த சஷ்டி விரதம் சில ஆண்டுகளில் இந்த நாட்களை ஒட்டியே வருவதால், இந்தக் கவனம் கட்டாயம் வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு உருண்டையான கெட்டி மிட்டாயே கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

2024-இல் தீபாவளியே அக்டோபர் 31-ஆம் தேதிதான் வந்தது. அப்படி இரண்டும் நெருங்கி வரும் ஆண்டில் ஜூவுக்கு முந்தைய சனிக்கிழமை போய்விடுங்கள். காரில் மிஞ்சிக் கிடக்கும் பட்டாசையும் மத்தாப்பையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரே ஒரு வெடி வெடித்தாலும் போதும், வரிக்குதிரையும் மானும் மிரண்டு வேலியில் மோதிக் காலை ஒடித்துக்கொள்ளும்.

இடி விஷயத்தில் அசட்டை கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வரை எண்ண முடியாவிட்டால், உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பின்தான் வெளியே வர வேண்டும். இதற்காகவே, போனதும் பக்கத்தில் கூரையுள்ள இடம் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டிய பின் கருப்பு உடுப்புப் போட்ட பிள்ளை வண்டி ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது. கார் வரை நடக்கும்போது முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒன்றை ஒட்டி, கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். முகச் சாயத்தைக் காரிலேயே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். வீடு போய்ச் சேருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும்.